64 பிட் சிபியு, 2 ஜிபி ரேம்: எந்த பென்டிரைவைப் போட்டாலும் பூட் மெனுவில் வரமாட்டேங்குது

வெட்டிவேலை:

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல சும்மா கிடந்த ஒரு குட்டி லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்திருக்கேன். இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப், 2 ஜிபி ரேம், உள்ளே 32 ஜிபி இஎம்எம்சி டிஸ்க். ரெண்டுமே போர்டுல சால்டர் பண்ணினது, மாத்த வழியில்லை. அதுல இருக்கிற விண்டோஸ் 10 டிஸ்க்ல பெரும்பங்கை அடைச்சுக்கிட்டு, அப்டேட்டுக்கு இடம் பத்தலைன்னு புலம்பிக்கிட்டே இருக்கு. அதுக்கும் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சாச்சு.

சரி, லைட்டா ஒரு லினக்ஸ் போடலாம்னு லுபுன்டு 64 பிட் ஐஎஸ்ஓ இறக்கி ரூஃபஸ்ங்கற டூல்ல பூட் ஆகற பென்டிரைவ் பண்ணினேன். இன்னொரு லேப்டாப்புல சொருகினா ஜம்முனு பூட் ஆகுது. இதுல சொருகினா பூட் மெனுவுல பேரே வரலை. "விண்டோஸ் பூட் மேனேஜர்" மட்டும் தனியா உக்காந்திருக்கு. செக்யூர் பூட் ஆஃப் பண்ணிட்டேன், ஃபாஸ்ட் பூட் ஆஃப் பண்ணிட்டேன், வேற பென்டிரைவும் போட்டுப் பாத்தாச்சு. எரர்கூட வராம கமுக்கமா இருந்தா எங்கேன்னு தேடறது?

இதுக்கு எந்த ஓஎஸ் சரிப்படும்னும் சொல்லுங்க.

ராத்திரிஆந்தை:

ரூஃபஸ்ல பார்ட்டிஷன் வகைக்கு ஜிபிடி செலக்ட் பண்ணி, டிடி மோட்ல எழுது ப்ரோ. முடிஞ்சுது வேலை.

பின்னூட்டி:

தம்பி, முதல்ல இறக்கின ஐஎஸ்ஓ முழுசா இருக்கான்னு பாருங்க. டவுன்லோட் பக்கத்துலயே எஸ்எச்ஏ256 எண் போட்டிருப்பாங்க. விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து செர்ட்யூடில் கமாண்டுக்கு ஹாஷ்ஃபைல் ஆப்ஷனும், ஃபைல் பேருக்குப் பின்னாடி எஸ்எச்ஏ256-ன்னும் கொடுத்தா அதே எண்ணைக் கணக்குப் போட்டுக் காட்டும். 64 எழுத்தும் பொருந்தணும். பல பேர் முதல் நாலு கடைசி நாலு மட்டும் பாத்துட்டு விட்டுடறாங்க. அறுந்துபோன டவுன்லோட் எதுன்னு கண்டுபிடிக்க அதுவே போதும்னாலும், முழுசையும் நோட்பேட்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஒட்டிப் பாத்தா ஒரே பார்வையில தெரிஞ்சுடும்.

அடுத்து பென்டிரைவ். மேல 64 ஜிபின்னு அச்சடிச்சு உள்ளே 8 ஜிபி வெச்சு விக்கிற சரக்கு நிறைய சுத்துது. விண்டோஸ்னா எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்னா எஃப்3. ரெண்டும் டிரைவ் முழுக்க எழுதிட்டுத் திருப்பிப் படிச்சுப் பாக்கும். நேரம் எடுக்கும், ஆனா பொய் சொல்லாது.

வெட்டிவேலை:

அக்கா, செக்சம் பொருந்துது. பென்டிரைவும் நல்லதுதான், அதே பென்டிரைவ் இன்னொரு லேப்டாப்புல பூட் ஆகுதே.

ஆந்தை ப்ரோ, ஜிபிடி, எம்பிஆர், ஐஎஸ்ஓ மோட், டிடி மோட்னு எல்லா காம்பினேஷனும் ஓட்டிட்டேன். ஒரே கதைதான்.

நாய்க்குட்டிரசிகன்:

லுபுன்டு எல்லாம் இந்த மெஷினுக்கு ஓவர் பாஸ். பப்பி லினக்ஸ் போடுங்க. 2003-லேர்ந்து இருக்கு, பாரி காலர் ஆரம்பிச்சு வெச்சது. மொத்த சிஸ்டமும் ரேம்ல ஏறி உக்காந்துடும், அப்புறம் பென்டிரைவைப் பிடுங்கிட்டாலும் ஓடும். நீங்க செய்யற மாற்றம் எல்லாம் ஒரே ஒரு சேவ் ஃபைலுக்குள்ள போயிடும். 2 ஜிபியெல்லாம் பப்பிக்கு அரண்மனை.

ஏழரை:

வந்துட்டாருய்யா. அவரு பென்டிரைவே தெரியலைங்கறாரு, இவரு அதுக்குள்ள என்ன நாய் வளர்க்கலாம்னு சொல்றாரு.

கெர்னல்குருவி:

வெட்டிவேலை, மறுபடி எழுதிப் பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். பென்டிரைவிலும் ரூஃபஸிலும் குறை இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் குட்டி மெஷினில் விண்டோஸ் இன்னும் இருக்கிறதல்லவா? விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டுங்கள். வரும் பட்டியலில் "சிஸ்டம் டைப்", "பயாஸ் மோட்" என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் உள்ளதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

வெட்டிவேலை:

சிஸ்டம் டைப்: எக்ஸ்86 பேஸ்டு பிசி
பயாஸ் மோட்: யூஇஎஃப்ஐ

ஆனா இந்த சிபியு 64 பிட்தான். இன்டெல் பக்கத்துலயே போட்டிருக்கு, பாத்துட்டுத்தான் 64 பிட் ஐஎஸ்ஓ இறக்கினேன்.

கெர்னல்குருவி:

இந்த இரண்டு வரி போதும்.

ப்ராசஸர் 64 பிட் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் போர்டில் எரித்து வைத்திருக்கும் யூஇஎஃப்ஐ, அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடி ஓஎஸ்ஸை எழுப்பும் ஃபர்ம்வேர், 32 பிட். யூஇஎஃப்ஐ வழியாக விண்டோஸ் எழ வேண்டுமென்றால் விண்டோஸும் ஃபர்ம்வேரும் ஒரே பிட்டாக இருந்தே தீர வேண்டும். கலப்புக்கு அங்கே இடமில்லை. எக்ஸ்86 என்று வந்திருப்பதால் உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ், அது யூஇஎஃப்ஐ மோடில் எழுகிறது. அப்படியானால் ஃபர்ம்வேர் 32 பிட்டாகத்தான் இருக்க முடியும். உங்கள் இசட்3735எஃப் சேர்ந்த பே டிரெயில் வகை ஆட்டம் போட்டு வந்த மலிவு டேப்லெட்களிலும் குட்டி லேப்டாப்களிலும் இது சகஜம்.

சரி, பென்டிரைவ் ஏன் மெனுவில் வருவதே இல்லை? யூஇஎஃப்ஐ ஒரு நீக்கக்கூடிய டிரைவைப் பார்த்ததும் அதில் ஃபேட் பார்ட்டிஷன் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதற்குள் இஎஃப்ஐ என்ற கோப்புறை, அதற்குள் பூட் என்ற கோப்புறை. அதற்குள்ளே 64 பிட் ஃபர்ம்வேர் தேடுவது பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பை. 32 பிட் ஃபர்ம்வேர் தேடுவது பூட்ஐஏ32.இஎஃப்ஐ. லுபுன்டு ஐஎஸ்ஓவில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. உங்கள் மெஷின் தனக்கு வேண்டியதைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, இந்த டிரைவில் பூட் செய்ய எதுவும் இல்லை என்று முடிவுகட்டிப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுகிறது. எரர் வராததும் அதனால்தான். ஃபர்ம்வேர் கணக்கில் இங்கே எதுவும் தவறாக நடக்கவில்லை. இன்னொரு லேப்டாப்பின் யூஇஎஃப்ஐ 64 பிட், அதனால் அங்கே எழுகிறது.

ஜிபிடியா எம்பிஆரா என்று மாற்றி மாற்றி எழுதியதெல்லாம் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதுவே பதில். எப்படி எழுதினாலும் ஐஎஸ்ஓவில் இல்லாத கோப்பு பென்டிரைவில் வந்துவிடாது. பழைய பயாஸ் முறையில் எழுப்பலாம் என்றால், இந்த வகை மெஷின்களில் பெரும்பாலும் சிஎஸ்எம் என்ற அந்த வசதியே கிடையாது.

ஏழரை:

ஆக, வீட்டைப் பெருசா கட்டிட்டு வாசக்கதவை மட்டும் குட்டியா வெச்சிருக்கான். எந்த மகராசன் இப்படி டிசைன் பண்ணினது?

கெர்னல்குருவி:

2 ஜிபி ரேம், 16 அல்லது 32 ஜிபி டிஸ்க் என்று மலிவாக விற்கத் திட்டமிட்டார்கள். 64 பிட் விண்டோஸ் இரண்டையுமே அதிகம் தின்னும், அதனால் 32 பிட் விண்டோஸ் போட்டு அனுப்பினார்கள். அது எழ 32 பிட் யூஇஎஃப்ஐ வேண்டும், அதையே வைத்தார்கள். வாங்குகிறவன் வேறு ஓஎஸ் போடுவான் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை.

ராத்திரிஆந்தை:

அப்போ 32 பிட் ஓஎஸ் போட்டா முடிஞ்சுது?

நாய்க்குட்டிரசிகன்:

அதைத்தானே நான் மொதல்லேர்ந்து சொல்றேன்! 32 பிட் பப்பி. ரேமும் மிச்சம். 64 பிட்ல பாயின்டர் எல்லாம் ரெண்டு மடங்கு சைஸு, 2 ஜிபில அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பின்னூட்டி:

ரேம் மிச்சங்கறது உண்மைதான், அதுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசல. ஆனா அந்த மெஷின்ல அவர் முக்காவாசி நேரம் திறந்து வைக்கப்போறது ப்ரௌசர். லினக்ஸ்ல குரோம் 32 பிட்டை 2016-லயே விட்டுடுச்சு. ஃபயர்ஃபாக்ஸ் 144-ஓட 32 பிட் லினக்ஸை நிறுத்திடுச்சு, அது 2025 அக்டோபர். ஈஎஸ்ஆர் 140-ங்கற நீண்டகாலப் பதிப்புக்கு மட்டும் அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் ஆதரவு உண்டுன்னாங்க. அடித்தளத்தையே பாருங்க: டெபியன் 13 வந்தப்போ 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, ஓஎஸ்ஸோட மையமான கெர்னலும் இல்லை. உபுன்டு குடும்பம் அதுக்கு ரொம்ப முன்னாடியே கைகழுவிடுச்சு. சிபியு நிஜமாவே 32 பிட்னா வேற வழியில்லை, இருக்கிறதை வெச்சு ஓட்டலாம். இவர்கிட்ட இருக்கிறது 64 பிட் சிபியு. அதை ஏன் 32 பிட்டுக்குள்ள அடைக்கணும்?

நாய்க்குட்டிரசிகன்:

அக்கா சொல்றதுல பாயின்ட் இருக்கு. ஆனா 64 பிட் கெர்னலை 32 பிட் யூஇஎஃப்ஐ எப்படி எழுப்பும்? விண்டோஸ்ல முடியாதுன்னு இப்பத்தான் குருவி சொன்னாரு.

கெர்னல்குருவி:

விண்டோஸில் முடியாது, லினக்ஸில் முடியும். 2014-இல் வந்த 3.15 கெர்னலிலிருந்து இஎஃப்ஐ மிக்ஸ்டு மோட் என்று ஒன்று உள்ளே இருக்கிறது. பூட்லோடர் மட்டும் 32 பிட்டாக இருந்தால் போதும். அது 64 பிட் கெர்னலை ரேமில் ஏற்றிக் கையைக் காட்டிவிடும். பிறகு ஃபர்ம்வேரை ஏதாவது கேட்க வேண்டியிருக்கும்போது மட்டும் கெர்னல் 32 பிட்டுக்கு இறங்கிப் பேசிவிட்டு மேலே வந்துவிடும். உபுன்டு, டெபியன் போன்ற பெரிய லினக்ஸ் டிஸ்ட்ரோக்களின் 64 பிட் கெர்னல்களில் இது போட்டே கம்பைல் செய்யப்படுகிறது.

ஆகவே தேட வேண்டியது 64 பிட் சிஸ்டமும் கிரப் என்ற பூட்லோடரின் 32 பிட் வடிவமும் ஒன்றாக இருக்கிற ஐஎஸ்ஓ. எந்த டிஸ்ட்ரோ என்று ஊரெல்லாம் கேட்க வேண்டாம், இறக்கின ஐஎஸ்ஓவைத் திறந்தே பார்க்கலாம். விண்டோஸ் 10-இல் ஐஎஸ்ஓவை இரட்டைச் சொடுக்கினால் ஒரு டிரைவ் போல மவுன்ட் ஆகும். 7-ஜிப் வைத்தும் திறக்கலாம். இஎஃப்ஐ, அதற்குள் பூட். பூட்ஐஏ32.இஎஃப்ஐ கண்ணில் பட்டால் எழுதுங்கள், படாவிட்டால் அடுத்த ஐஎஸ்ஓ. சில டிஸ்ட்ரோக்கள் இந்தக் கோப்புகளை பூட் கோப்புறையின் கிரப் பகுதியில் ஒரு இமேஜ் கோப்புக்குள் வைத்திருக்கும். வெளியே தெரியவில்லை என்றால் அந்த இமேஜையும் 7-ஜிப்பில் திறந்து பாருங்கள்.

வென்டாய்வெறியன்:

எதுக்கு இவ்வளவு சுத்து? வென்டாய் போடுங்க. 32 பிட் யூஇஎஃப்ஐ, 64 பிட் யூஇஎஃப்ஐ, பழைய பயாஸ் எல்லாத்துலயும் எழும். ஒருதடவை இன்ஸ்டால் பண்ணிட்டா போதும், அப்புறம் ஐஎஸ்ஓவைச் சும்மா காப்பி பண்ணிப் போட்டுட்டே இருக்கலாம். பத்து ஐஎஸ்ஓ போட்டாலும் மெனுவுல பத்தும் வரும். ஒவ்வொரு தடவையும் அழிச்சு அழிச்சு எழுதற வேலையே இல்லை.

கெர்னல்குருவி:

வென்டாய் நல்ல கருவி, இந்த மெஷினில் அதன் மெனு கட்டாயம் வரும். ஆனால் மெனுவில் லுபுன்டுவைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி முட்டும். வென்டாய் தன்னை எழுப்பிக்கொள்ளத் தன் சொந்த 32 பிட் கோப்பை வைத்திருக்கிறது. அதன் பிறகு அந்தந்த ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் பூட்லோடரைத்தான் ஓடவிடுகிறது. ஐஎஸ்ஓவில் 32 பிட் பூட்லோடர் இல்லையென்றால் வென்டாய் என்ன செய்யும்?

ஒரு உபயோகம் உண்டு. வென்டாய் மெனு திரையில் வந்துவிட்டால் போர்ட், பென்டிரைவ், பூட் வரிசை எல்லாம் சரி என்று உறுதியாகிவிடும். பத்து ஐஎஸ்ஓக்களைப் பரீட்சை பார்க்கவும் வசதி. செக்யூர் பூட் ஆன் ஆக இருந்தால் முதல் தடவை அதன் கீயைப் பதிவு செய்யச் சொல்லும், அதற்குத் தயாராக இருங்கள்.

ராத்திரிஆந்தை:

ஒரு டவுட். அந்த ஐஏ32 கோப்பை மட்டும் நெட்ல எடுத்து லுபுன்டு பென்டிரைவ்ல நாமளே போட்டா?

கெர்னல்குருவி:

போடலாம், பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் சிஸ்டம் எழும். ஆனால் இரண்டு விஷயம்.

டிடி மோடில் எழுதின பென்டிரைவில் அதைப் போட முடியாது. டிடி என்பது ஐஎஸ்ஓவை பைட்டுக்கு பைட் அப்படியே டிரைவில் பதிப்பது; அங்கே இருப்பது சிடிக்கான ஃபைல்சிஸ்டம், அதில் புதிதாக எதையும் எழுத முடியாது. ரூஃபஸின் ஐஎஸ்ஓ மோட், பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து கோப்புகளைத் தனித்தனியாக எடுத்து வைக்கிறது. அதில் சேர்க்கலாம், நீக்கலாம், கிரப் மெனுவைக்கூடத் திருத்தலாம். ஐஎஸ்ஓ மோடா டிடி மோடா என்று அடித்துக்கொள்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எழுதினது எழுதினபடி இருக்கட்டும் என்றால் டிடி. கைவைக்க வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ மோட். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். லைட்வெயிட் ஓஎஸ்களுக்கு அந்தத் தொல்லை வராது.

இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. லைவ் எழுந்த சந்தோஷத்தில் இன்ஸ்டால் கொடுப்பீர்கள். இன்ஸ்டாலர் 64 பிட் கிரப்பை உள் டிஸ்க்கில் எழுதிவிட்டு "வெற்றி" என்று சொல்லும். ரீஸ்டார்ட் செய்தால் திரை இருட்டு, விண்டோஸும் போயிருக்கும். 32 பிட் கிரப் பேக்கேஜைக் கையால் நிறுவத் தெரிந்தவர்கள் செய்யலாம். தெரியாதவர்கள், இந்த ஃபர்ம்வேரை மனதில் வைத்துத் தயாரித்த ஐஎஸ்ஓவையே எடுப்பது மேல். ஆன்டிஎக்ஸ் என்ற லைட்டான லினக்ஸின் 64 பிட் ஐஎஸ்ஓவைத் திறந்து பாருங்கள்.

வெட்டிவேலை:

இப்பத்தான் ஆன்டிஎக்ஸ் 64 பிட் ஐஎஸ்ஓ இறக்கி 7-ஜிப்ல திறந்து பாத்தேன். இஎஃப்ஐ, பூட்னு உள்ளே போனா ரெண்டு கோப்பும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு. ஐஏ32-ஐ கண்ணால பாத்துட்டேன்! எழுதிட்டு வரேன்.

பின்னூட்டி:

தம்பி, ஒரு நிமிஷம். பூட் பண்றதுக்கு முன்னாடி, விண்டோஸ் இருக்கும்போதே டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாத்துடுங்க. அது ஆன்ல இருந்து நீங்க செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிட்டு விண்டோஸுக்குத் திரும்பினா 48 இலக்க ரெகவரி கீ கேட்டு உக்காந்துக்கும். கீ கையில இல்லைன்னா உள்ளே இருக்கிற போட்டோ, டாக்குமென்ட் எல்லாத்துக்கும் டாட்டா. நீங்க ஏற்கெனவே ஆஃப் பண்ணிட்டு விண்டோஸும் திறந்திருக்கீங்க, அதனால உங்களுக்குப் பிரச்சினை இல்லை. இதைப் படிச்சுட்டு வேற யாராவது செய்வாங்களேன்னு எழுதறேன்.

எழுதி முடிச்சதும் விண்டோஸ் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணணும்"னு ஒரு பெட்டி காட்டும். கேன்சல் கொடுங்க. லினக்ஸ் பார்ட்டிஷனைப் புரிஞ்சுக்கத் தெரியாம கேக்குது. ஓகே அழுத்தினா எழுதினது அத்தனையும் போச்சு.

மல்லாந்தமாடு:

நான் லினக்ஸ்லேர்ந்து எழுதறவன். டிடி கமாண்டுக்கு, எங்கே எழுதணும்னு சொல்ற ஓஎஃப்-ல எஸ்டிபி போடணுமா எஸ்டிபி1 போடணுமா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

கெர்னல்குருவி:

எண் இல்லாமல் எஸ்டிபி. எண் போட்டால் ஒரு பார்ட்டிஷனுக்குள் எழுதும். டிரைவின் தலையில் பூட் பகுதி வராது. ஆனால் "எஸ்டிபி" என்பதை யார் எழுதியிருந்தாலும் அப்படியே நகலெடுக்காதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான். பென்டிரைவைச் சொருகுவதற்கு முன் ஒருமுறை டிஸ்க் பட்டியல் காட்டும் எல்எஸ்பிஎல்கே கமாண்ட், சொருகின பின் ஒருமுறை. புதிதாக முளைத்த பெயர்தான் உங்கள் பென்டிரைவ். சைஸும் பொருந்துகிறதா என்று பாருங்கள். டிடி "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது, உள் டிஸ்க்கின் பெயரைக் கொடுத்தால் அதையும் சிரத்தையாக அழித்துவிடும்.

பிளாக் சைஸ் 4எம், ஸ்டேட்டஸ் ப்ராக்ரஸ், கான்வ் எஃப்சிங்க் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஒன்று இல்லாவிட்டால் கெர்னல் எல்லாவற்றையும் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு முடிந்துவிட்டது போலக் காட்டும். பென்டிரைவின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பிடுங்குகிறவர்கள்தான் "பாதியில் கெர்னல் பேனிக் வருகிறது" என்று அடுத்த நாள் வந்து கேட்பார்கள்.

வெட்டிவேலை:

வந்துருச்சு!!! பூட் மெனுவுல யூஎஸ்பி பேரு வந்துருச்சு, ஆன்டிஎக்ஸ் மெனுவும் வந்துருச்சு!

ஆனா கூத்து என்னன்னா, பூட் ஆகும்போது வர்ற எழுத்தெல்லாம் பக்கவாட்டுல ஓடுது. கழுத்தைச் சாய்ச்சுப் படிக்கிறேன். டெஸ்க்டாப் வந்தப்புறமும் அப்படியே சாஞ்சுதான் நிக்குது. வைஃபை புடிச்சுருச்சு. சவுண்ட் இல்லை.

ஏழரை:

லேப்டாப்பையே சாய்ச்சு வெச்சுக்க தம்பி, சிம்பிள்.

கெர்னல்குருவி:

உங்கள் லேப்டாப்பில் போட்டிருப்பது டேப்லெட்டுக்கான பேனல். அது பிறப்பிலேயே நெட்டையானது. விண்டோஸ் அதைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. பூட் எழுத்துகளுக்குக் கெர்னல் வரியில் எஃப்பிகான் ரொட்டேட் 1 கொடுங்கள், எதிர்ப்பக்கமாகத் திரும்பினால் 3. டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்ரேண்டரில் ரொட்டேட் ரைட் அல்லது லெஃப்ட். டச் இருந்தால் அதைத் தனியாகத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் விரலை ஒரு பக்கம் இழுத்தால் அம்புக்குறி வேறு பக்கம் போகும்.

வைஃபை பிடித்தது நல்ல சேதி. இந்த மெஷின்களில் பலவற்றில் வரும் ரியல்டெக் 8723பிஎஸ் சிப்புக்கான டிரைவர் 2017-இல் 4.12 கெர்னலில்தான் உள்ளே வந்தது. அதற்கு முன்பெல்லாம் டிரைவரைத் தனியே கம்பைல் செய்ய வேண்டும், கம்பைல் செய்யத் தேவையானதை இறக்க வைஃபை வேண்டும்.

சவுண்டுக்கு ஆல்சாமிக்சரில் எஃப்6 அழுத்திப் பாருங்கள். எச்டிஎம்ஐ முதல் கார்டாக நின்றுகொண்டிருக்கும்; ஸ்பீக்கர் இரண்டாவதாக இருக்கும். கார்டு இருந்தும் சத்தம் வரவில்லை என்றால் ஆல்சா யூசிஎம் கோப்புகள் உள்ள பேக்கேஜை நிறுவுங்கள். திடீரென்று மொத்தமும் உறைந்து நின்றால், இன்டெல் ஐடில் மேக்ஸ் சிஸ்டேட் 1 என்ற கெர்னல் ஆப்ஷனைச் சேருங்கள். பே டிரெயிலின் பழைய வியாதி அது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

வெட்டிவேலை:

திரை நிமிர்ந்துருச்சு. எஃப்6 போட்டு ரெண்டாவது கார்டுக்கு மாத்தினதும் சவுண்டும் வந்துருச்சு. குருவி சார், கோயில் கட்டலாம் உங்களுக்கு.

அடுத்த கேள்வி. ரீஸ்டார்ட் பண்ணினா செஞ்சது எல்லாம் போயிடுது, வைஃபை பாஸ்வேர்டுகூட. இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் பென்டிரைவ்லயே ஓட்டிப் பாக்கலாம்னு இருக்கேன். நாய்க்குட்டி அண்ணன் சொன்ன மாதிரி சேவ் ஆகற வழி இதுல இருக்கா?

நாய்க்குட்டிரசிகன்:

இருக்கு தம்பி, இந்த விஷயத்துல ஆன்டிஎக்ஸும் கில்லாடி, ஒத்துக்கறேன். பெர்சிஸ்டன்ஸ்னு பேரு. ஆனா உங்க பென்டிரைவ் டிடி மோட்ல எழுதினதா இருந்தா அதுல நடக்காது, எழுத இடமே இருக்காதே. இப்படிப் பண்ணுங்க: இந்த பென்டிரைவ்ல பூட் ஆகி, உள்ளே இருக்கிற லைவ் யூஎஸ்பி மேக்கரைத் திறங்க. ரெண்டாவது பென்டிரைவைச் சொருகி ஃபுல் ஃபீச்சர்டு மோட்ல எழுதச் சொல்லுங்க. இனிமே அந்த ரெண்டாவதுதான் உங்க பென்டிரைவ். டார்கெட்ல எம்எம்சிபிஎல்கே0-ன்னு ஏதாவது தெரிஞ்சா அதைத் தொடாதீங்க, அதுதான் உங்க உள் டிஸ்க்கு.

அதுல பூட் ஆகும்போது மெனுவுல பெர்சிஸ்ட் ஆப்ஷன் எடுக்கலாம். ரூட் பெர்சிஸ்டன்ஸ்ல ரெண்டு வகை. ஒண்ணு, மாற்றத்தை எல்லாம் ரேம்ல வெச்சிருந்து ஷட்டவுன் பண்ணும்போது பென்டிரைவ்ல எழுதும். வேகமா இருக்கும், பென்டிரைவும் தேயாது, ஆனா ரேம் தின்னும். இன்னொண்ணு ஸ்டாட்டிக், அப்பப்போ நேரா பென்டிரைவ்ல எழுதிடும். உங்க 2 ஜிபிக்கு ஸ்டாட்டிக்தான். டுரேம்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், மொத்த சிஸ்டத்தையும் ரேம்ல ஏத்தறது. 4 ஜிபி இருந்தா எடுங்கன்னு நானே சொல்வேன், 2 ஜிபில ப்ரௌசருக்கு என்ன மிச்சம் இருக்கும்?

ஏழரை:

பப்பிக்கு அரண்மனைன்னு சொன்ன அதே 2 ஜிபிதானே அண்ணே?

நாய்க்குட்டிரசிகன்:

பப்பிக்கு அரண்மனைதான்யா. ப்ரௌசருக்கு எது போதும்?

பின்னூட்டி:

அதான் நிஜம். ஐஸ்டபிள்யூஎம் டெஸ்க்டாப் மட்டும் திறந்து வெச்சா ரேம் தாராளமா இருக்கும். பத்து டேப் திறந்த உடனே எந்த டிஸ்ட்ரோவா இருந்தாலும் ஒண்ணுதான். ஸீராம் போட்டுக்கோங்க, ரேமுக்குள்ளேயே சுருக்கி வெச்சுக்கும். பென்டிரைவ்ல ஸ்வாப் மட்டும் வைக்காதீங்க. மெதுவாவும் இருக்கும், பென்டிரைவும் சீக்கிரம் சாகும்.

வெட்டிவேலை:

ரெண்டாவது பென்டிரைவ் ரெடி, பெர்சிஸ்டன்ஸ் வேலை செய்யுது, வைஃபை பாஸ்வேர்டு ஞாபகம் வெச்சிருக்கு. முதல் பென்டிரைவ் இப்ப விண்டோஸ்ல ஏதோ சின்ன சைஸ் காட்டுது. அதைப் பழையபடி பயன்படுத்த முடியுமா?

பின்னூட்டி:

முடியும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினா திறந்து டிஸ்க்பார்ட். லிஸ்ட் டிஸ்க் போட்டு சைஸைப் பாத்து உங்க பென்டிரைவ் எந்த நம்பர்னு கண்டுபிடிங்க. அந்த நம்பரை செலக்ட் டிஸ்க்ல கொடுத்து, கிளீன். அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய்ப் புதுசா பார்ட்டிஷன் போட்டுக்கலாம். கிளீனும் டிடி மாதிரிதான், திருப்பிக் கேக்காது. நம்பரை ரெண்டு தடவை பாருங்க.

மல்லாந்தமாடு:

இழையைத் திசைதிருப்பறதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட 2007 மேக்புக் ஒண்ணு இருக்கு, கோர் 2 டுயோ. அதுலயும் 64 பிட் ஐஎஸ்ஓ எதுவும் யூஎஸ்பில எழும்ப மாட்டேங்குது. இதே கதையா?

கெர்னல்குருவி:

இதே கதைதான். 2006, 2007-இல் வந்த கோர் 2 டுயோ மேக்குகள் பலவற்றில் சிபியு 64 பிட், இஎஃப்ஐ 32 பிட். ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன் செய்யுங்கள். பூட்ஐஏ32 உள்ள பென்டிரைவ் என்றால் "இஎஃப்ஐ பூட்" என்று ஒரு ஐகான் வர வேண்டும். வந்தால் மேலே வெட்டிவேலைக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

வராவிட்டால் டிவிடியில் எழுதிப் பாருங்கள். இந்த மேக்குகளில் விண்டோஸுக்காக வைத்த பயாஸ் பொருத்தம் உண்டு, ஆனால் அது யூஎஸ்பியை விட டிவிடியில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அங்கேயும் ஒரு இடக்கு இருக்கிறது. பயாஸுக்கு ஒன்று, இஎஃப்ஐக்கு ஒன்று என இரண்டு பூட் பதிவு உள்ள டிவிடியைப் போட்டால், கறுப்புத் திரையில் 1, 2 என்று எண் காட்டி "செலக்ட் சிடி-ராம் பூட் டைப்" என்று கேட்டுவிட்டு நிற்கும். எந்தக் கீயை அழுத்தினாலும் நகராது. அப்படி நின்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, பயாஸ் பதிவு மட்டும் உள்ள ஐஎஸ்ஓவாகத் தேடுங்கள். டெபியன் இதற்காகவே பெயரில் மேக் என்று சேர்த்துத் தனி நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ வெளியிட்டு வந்தது. பழைய வெளியீடுகளின் சேமிப்பில் எடுக்கலாம். அதை நிறுவிவிட்டு அங்கிருந்து அப்கிரேட் செய்துகொள்ளுங்கள்.